கேளுங்கள், சொல்கிறோம்: மாமா தந்த வானவில் சுருள்

கேள்வி: கனடாவில் இருந்து லீவில் வந்த மாமா சுருள் சுருளான ஒரு கல்லைத் தந்துவிட்டுப் போனார். சரித்துப் பிடித்தால் சிவப்பும் பச்சையுமாய் மினுங்குகிறது. சாயம் பூசியதா? நிலாவெளிக் கரையில் தேடினால் கிடைக்குமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, சாதாரணச் சாயம் எந்தப் பக்கம் சரித்தாலும் ஒரே நிறம்தான் காட்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அம்மோனைட், அதாவது கணவாய்க்கு உறவான ஒரு கடற்பிராணியின் ஓடு. டைனோசர்கள் அழிந்த காலத்திலேயே, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அதுவும் அழிந்துபோனது.

பல இடங்களில் ஓடு கரைந்து வெறும் கல் அச்சுத்தான் மிஞ்சும். கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தின் தெற்கே, லெத்பிரிட்ஜ் நகரின் பக்கம், சேற்றுக்குள் புதைந்த ஓடு ஓடாகவே இருந்துவிட்டது. ஓட்டில் உள்ள அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போதுதான் அந்த நிறங்கள் வருகின்றன. அடுக்கு தடித்திருந்தால் சிவப்பு, மெலிந்திருந்தால் நீலம், ஊதா. மெலிந்தது சுலபமாக உடையும், ஆகவே நீலம் கிடைப்பது அரிது, அதனால் அதற்கு மதிப்புக் கூட. ஒரு முத்துச்சிப்பியின் உட்புறத்தை யன்னலோரம் சரித்துப் பாருங்கள், அதே வித்தை மங்கலாகத் தெரியும்.

இந்த நிற ஓட்டை அம்மோலைட் என்பார்கள். 1981இல் இரத்தினக்கல்லாக ஏற்றார்கள், 2004இல் அது அல்பர்ட்டாவின் அதிகாரபூர்வ இரத்தினமும் ஆனது. முழு ஓட்டை அந்த மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோக அரசின் அனுமதிப் பத்திரம் வேண்டும், மாமாவிடம் அது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மடகாஸ்கரில் இருந்தும் மினுங்கும் அம்மோனைட் வருகிறது, ஆகவே எங்கே எடுத்தது என்பதையும் கேட்டு ஒரு துண்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். ஊர் தெரியாத கல் சேகரிப்பவருக்குப் பாதிக் கல்தான்.

நிலாவெளியில் தேடவேண்டாம். பக்கத்துத் திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கிற பாறை, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி, அம்மோனைட் என்ற உயிர் தோன்றுவதற்கு முன்பே உருவானது.

சரி, அதைப் பளபளப்பாக்குகிறேன் என்று தேசிக்காய்ப் புளியால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள்! அது சுண்ணாம்புச் சத்து, புளி பட்டால் கரையும். நிறமுள்ள படை ஒரு மில்லிமீற்றர்கூட வராது, போனால் போனதுதான். ஈரத் துணியால் மெல்ல ஒற்றி, பஞ்சு வைத்த பெட்டிக்குள் வைத்தால் போதும்.