ரத்தத்தில் மருந்து குறைந்தால் நோயாளிமேல் பழி போடலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பது என் ஆய்வு. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் குறைவாக வந்தால் ‘சாப்பிடவில்லை’ என்று கணக்கில் எடுக்கலாமா? மரபணுவையும் சேர்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. எப்படிச் சேர்ப்பது?

பதில்: அப்படிக் கணக்கில் எடுக்கவே கூடாது. ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிடுகிறவருக்கும் அளவு குறையும். டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றை சி.ஒய்.பி.3ஏ5 என்ற மரபணு உண்டாக்குகிறது. ஒவ்வொருவரிடமும் இருக்கும் அதன் இரண்டு பிரதிகளில் ‘ஸ்டார் 1’ வடிவம் ஒன்றாவது இருந்தால் நொதி வேலை செய்யும், மருந்து சீக்கிரம் கரைந்துபோகும். இரண்டும் ‘ஸ்டார் 3’ ஆக இருந்தால் அந்த நொதி ஏறக்குறைய இல்லை. முதல் வகையினருக்கு வழக்கமான ஆரம்ப டோஸைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவைப்படும் என்பதே சர்வதேச வழிகாட்டுதல். இது தெரியாமல் அவரிடம் “மாத்திரை போடுறீங்களா, இல்லையா?” என்று கேட்டுக்கொண்டிருப்பது பெரிய அநியாயம்.

எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதில் மரபணுவின் கை ஓங்கும். அளவு ஏறி இறங்குவதில் பழக்கத்தின் கை ஓங்கும். உங்கள் ஆய்வை இந்த இரண்டின்மேல் கட்டுங்கள்.

கணக்குக்காக இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவருக்குத் தினம் 8 மி.கி. ஐந்து பரிசோதனைகளில் ரத்த அளவு (ஒரு மில்லிக்கு நானோகிராம்) 4.5, 3.8, 4.2, 4.6, 3.9. சராசரி 4.2, திட்ட விலக்கம் 0.35. விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் சுமார் 8 சதவீத ஏற்ற இறக்கம். இன்னொருவருக்கு 3 மி.கி. அளவுகள் 3, 9, 5, 12, 6. சராசரி 7, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது; ஏற்ற இறக்கமோ 50 சதவீதம். 30 சதவீதத்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்பது பல ஆய்வுகள் வைக்கும் எல்லை. அளவு குறைவாக உள்ள முதலாமவர் ஒழுங்கானவர். விசாரிக்க வேண்டியது இரண்டாமவரை. நடுவில் டோஸ் மாறியிருந்தால், ஒவ்வொரு அளவையும் அன்றைய டோஸால் வகுத்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கடந்தவர்களையே எடுங்கள். அதற்கு முன் டோஸ் அடிக்கடி மாறும்.

பழக்கத்தை அளக்க ‘பாசிஸ்’ கேள்விகள் உண்டு. கடந்த நான்கு வாரத்தில் வேளை தவறியதா, தொடர்ந்து பல வேளை விட்டதா, இரண்டு மணி நேரத்துக்கு மேல் முன்பின் ஆனதா, தானாக டோஸைக் குறைத்தாரா என்று கேட்பவை. கூடவே மாத்திரையையும் எண்ணிப் பாருங்கள். நம்மூரில் நேரக் கேள்வியில்தான் நிறைய விஷயம் சிக்கும். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் காலை மாத்திரையைத் திரும்பி வந்துதான் போடுவார். மழை நாளில் வெட்டு இல்லை, நேரம் மாறிவிடும். ‘தினமும் போடுகிறேன்’ என்று அவர் சொல்வது உண்மைதான். எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வயிறு நிறையத் தேங்காய் அரைத்த கறியோடு சாப்பிட்ட உடன் போட்டால் மருந்து குறைவாகவே ஏறும்.

அதிகம் கெடுவது ரத்தம் எடுக்கும் இடத்தில். காலை மாத்திரைக்கு முன், முந்தைய வேளையிலிருந்து 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். திருவனந்தபுரத்துக்கு விடிகாலை பஸ் பிடிக்கிறவர் மாத்திரையைப் போட்டுவிட்டே ஏறுவார். அளவு பொய்யாகக் கூடும். கடைசி மாத்திரை நேரத்தைக் கேட்டுப் படிவத்தில் எழுதுங்கள். வயிற்றுப்போக்கு அளவை ஏற்றும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இறக்கும், ரத்த அழுத்த மருந்தான டில்டியாசெமும் பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரைகளும் ஏற்றும். பம்பளிமாஸும் ஏற்றக்கூடியது, அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மரபணுவுக்கு ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் 2 மில்லி போதும். ஹெபாரின் குழாய் வேண்டாம், அது மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். ஆய்வகத்தில் ‘ஸ்டார் 1’, ‘ஸ்டார் 3’ எது என்று காட்டும் ஆர்.எஸ்.776746 என்ற இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழக்கத்தைக் கேட்பவருக்கு மரபணு முடிவு தெரியக் கூடாது. தெரிந்தால் கேள்வி கேட்கும் தொனியே மாறும். கடைசியில் பகுப்பாய்வில் மரபணு, பழக்கம், மற்ற மருந்துகள் மூன்றையும் ஒன்றாக வையுங்கள்.

கல்லீரல் மாற்றியவர்களைச் சேர்க்க வேண்டாம். அவர்கள் குடலில் இருப்பது சொந்த மரபணு, கல்லீரலில் இருப்பது கொடுத்தவருடையது. இரண்டு பேரையும் சோதிக்க வேண்டிவரும்.

நெறிமுறைக் குழு அனுமதிக்குப் போகும்போது, மரபணுவுக்கென்று தனி ஒப்புதல் படிவம் தமிழில் வையுங்கள். முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்ற கேள்வி அதில் இருக்கட்டும். ஆம் என்றவரின் முடிவைச் சிறுநீரக மருத்துவரிடம் கொடுங்கள், டோஸை மாற்றுவது அவர் வேலை. இந்த மரபணு வாழ்நாள் முழுக்க மாறாது, ஒருமுறை கோப்பில் ஏறினால் போதும்.