வாசல் எந்தத் திசை?

தங்கச்சி, வேதாரண்யம் பக்கம் கடலோரக் கிராமத்தில் தோட்டத்தோடு வளர்ந்தவள், இப்போது சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் அடுக்குமாடி வீட்டில் பத்தாவது மாடிக்கு வந்திருக்கிறாய். வாசலை ஒட்டிய பொதுத் தாழ்வாரத்தில் வெண்டையும் முல்லையும் வைக்கலாமா, எந்த மாதம் விதைப்பது, அம்மாவை விதை அனுப்பச் சொல்லலாமா, இங்கே பருவம் என்று ஒன்று உண்டா என்று கேட்டிருக்கிறாய். நானும் அந்தக் கரைக்காரிதான். நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் விதை. அம்மாவை அனுப்பச் சொல்லாதே. விதையோ கன்றோ, வெளிநாட்டிலிருந்து வருவதற்குக் கட்டுப்பாடு உண்டு. வெண்டை விதை இங்கேயே கிடைக்கிறது.

ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைத்தோம். வந்த புதிதில் நானும் ஆடி பிறந்ததும் தொட்டியில் வெண்டை ஊன்றினேன். செடி ஒல்லியாக உயர்ந்து, நான்கு காய் காய்த்து, அதோடு சரி. மண்ணை மாற்றினேன், எருவை மாற்றினேன். கோளாறு வெயிலில் இருந்தது என்று புரிய மூன்று வருடமானது.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருக்கிறது. வருடம் முழுவதும் ஏழு மணியையொட்டி விடிந்து, ஏழு மணியையொட்டி இருட்டுகிறது. ஆனால் சூரியன் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வடக்குப் பக்கமாகவும் மற்ற பாதி வருடம் தெற்குப் பக்கமாகவும் போகிறது. வெட்டவெளித் தோட்டத்துக்கு இது பெரிய விஷயமில்லை. கூரை போட்ட தாழ்வாரத்துக்கு இதுதான் பட்டம். என் வீட்டுத் தாழ்வாரம் தெற்குப் பார்த்தது. மே, ஜூனில் அங்கே வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. நவம்பரில் காலை எட்டரைக்கே வெயில் சாய்ந்து வந்து தொட்டி விளிம்பைத் தொடும். ஜனவரியில் செருப்பு வைக்கும் இடம்வரை வரும். அதனால் இப்போது செப்டம்பரில் வெண்டை ஊன்றுகிறேன். வடக்குப் பார்த்த வாசல் என்றால் மார்ச்சில் ஊன்ற வேண்டும். வெயில் இல்லாத பாதி வருடத்துக்குப் பாண்டான் என்ற வாசனை இலைச் செடி, வெற்றிலை, கற்பூரவல்லி போதும். முல்லைக்கு ஆசைப்படாதே, கொடி ஓடும், பூ ஏமாற்றும்.

மழையும் உண்டு. ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் அதே வடகிழக்குப் பருவமழை இங்கே டிசம்பர், ஜனவரியில்தான் வலுக்கும். சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து, துவைத்த துணியெல்லாம் நாறும். பிப்ரவரியில் வறட்சி. அந்த வறட்சிக்குப் பிறகுதான் கீழே மாமரங்கள் பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி.

புயல் பயம் இல்லை. 2018 நவம்பரில் கஜா ஊரில் எங்கள் தென்னைகளைச் சாய்த்த இரவில், இங்கே என் பசலைக் கொடி அசையாமல் நின்றது. நான் கைபேசியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் ‘சுமத்ரா’க் காற்று வரும். ஒன்றிரண்டு மணி நேரம்தான், அதற்குள் தொட்டியை உருட்டிவிடும். கைப்பிடிச் சுவர்மேல் எதையும் வைக்காதே. கீழே ஆள் நடக்கிற இடம்.

தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் ஓட. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல் இருப்பதே மேல். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கி வரும். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். கொசுப்புழு இருந்தால் அபராதம்தான்.

கறிவேப்பிலை அவசியம் வை. தேக்காச் சந்தையில் வாங்கிய கொத்து குளிர்பெட்டியில் கறுக்கும்போது உனக்கே அருமை தெரியும். தளிர்மேல் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் அது எச்சமில்லை, வண்ணத்துப்பூச்சியின் புழு. நாலைந்து நாளில் பச்சையாகிப் பருத்து ஒரு கிளையையே மொட்டையடித்துவிடும். நான் தினமும் காலையில் விரலால் எடுத்துவிடுவேன். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டிக்கு அது பாவமாம். நான் எடுத்ததை வாங்கித் தன் எலுமிச்சைச் செடியில் விட்டு வளர்க்கிறார்!

மண்ணைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், தேசியப் பூங்காக் கழகம் சில பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் பாத்தி வாடகைக்குக் கொடுக்கிறது. தொடங்கியபோது ஆண்டுக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்று வருடக் குத்தகை. குலுக்கலில்தான் கிடைக்கும். அங்கே நாள் முழுக்க வெயில், திசைக் கணக்கு வேண்டாம். முருங்கைக்கு மட்டும் அந்த இடம் போதாது.

உன் வாசல் எந்தத் திசை என்று எழுது. வேர்விட்ட கறிவேப்பிலைக் கன்று ஒன்று என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துப் போகலாம், பை மட்டும் கொண்டு வா.