பெரெட்டாவின் தோட்டா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காந்தி சுடப்பட்ட பிர்லா மாளிகை பற்றிய தங்கள் கட்டுரையில் கோட்சேயின் ஆயுதத்தை ஓரிடத்தில் 'ரிவால்வர்' என்றும், வேறோரிடத்தில் '9 எம்.எம். பெரெட்டா' என்றும் எழுதியிருக்கிறீர்கள். எது சரி? தானியங்கி என்றால், விசையை ஒருமுறை அழுத்தியதிலேயே மூன்று குண்டுகளும் பாய்ந்திருக்குமா? இன்று காவல்துறை வைத்திருக்கும் அதே 9 எம்.எம். தானா?

ஆர்., கோவில்பட்டி

அன்புள்ள ஆர்.,

ரிவால்வர் என்றது என் பிழை, திருத்திவிட்டேன். அது இத்தாலியின் பெரெட்டா நிறுவனம் செய்த 1934 மாடல் பிஸ்டல். ரிவால்வரில் சுட்டால் தோட்டாவின் வெற்றுக் கூடு, அதன் சுழலும் உருளைக்குள்ளேயே தங்கிவிடும். பிஸ்டல் ஒவ்வொரு முறையும் கூட்டை வெளியே எறியும். 1948 ஜனவரி 30 மாலை பிரார்த்தனைத் திடலில் வெற்றுக் கூடுகள் கிடைத்தது அதனால்தான்.

உங்கள் இரண்டாவது கேள்வி முக்கியமானது. குண்டை முன்னே தள்ளும் வாயு, கூட்டைப் பின்னே தள்ளுகிறது. அந்த உந்தலில் மேலே நகரும் உலோகப் பகுதியான ஸ்லைடு பின்வாங்கி, கூட்டை எறிந்து, சுடுவதற்கு அடிக்கும் சுத்தியலான குதிரையை மடக்குகிறது. திரும்பி வரும்போது, கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கிவைத்த மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலில் ஏற்றுகிறது. அத்துடன் அதன் வேலை முடிந்தது. அடுத்த குண்டு போக வேண்டுமென்றால் விரல் விசையை விட்டு மறுபடி இழுத்தாக வேண்டும். அரைத் தானியங்கி என்பது இதைத்தான். மூன்று குண்டுகள் பாய்ந்தன என்றால் அந்த விரல் மூன்று முறை இழுத்திருக்கிறது. இதை நான் கட்டுரையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

9 எம்.எம். என்பது குண்டின் குறுக்களவு மட்டுமே. பெரெட்டாவினுடையது '9 கோர்த்தோ'. கோர்த்தோ என்றால் இத்தாலிய மொழியில் குட்டை. அமெரிக்கர் ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1908-ல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட தோட்டா அது. கூட்டின் நீளம் 17 மில்லிமீட்டர். இன்று காவல்துறையிலும் ராணுவத்திலும் புழங்கும் 9 எம்.எம். பாராபெல்லத்தின் கூடு 19 மில்லிமீட்டர். வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்தான், ஆனால் பாராபெல்லம் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்த முடியாது.

பெரெட்டாவுக்குக் குட்டைத் தோட்டாவே ஏற்றதாக இருந்ததற்குக் காரணம் அதன் எளிய அமைப்பு. சுடும் கணத்தில் ஸ்லைடைக் குழலோடு பூட்டிவைக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லும்தான் தடுப்பு. வலுவான தோட்டாவுக்கு அது தாங்காது. பூட்டு இல்லாததால் உருவமும் சிறியது: சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், முக்கால் கிலோவுக்கும் குறைந்த எடை, மேகசினில் ஏழு தோட்டாக்கள்.

இதே மாடல் ஒன்றை வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று வெகுநேரம் பார்த்திருக்கிறேன். கைப்பிடி குட்டை என்பதால் சுண்டுவிரல் தங்க மேகசினின் அடியில் கொக்கி போல ஒரு நீட்டல் வைத்திருந்தார்கள். ஸ்லைடின் மேற்புறம் திறந்திருந்தது. கூடு சிக்காமல் வெளியேற அந்த வழி. பக்கவாட்டில் 1941 என்று பொறித்து, அருகே ரோம எண்ணில் 19. முசோலினி ஆட்சியைப் பிடித்த 1922-லிருந்து எண்ணிய பாசிச ஆண்டு அது. அந்த எண்ணைப் பார்த்தபோது உடல் கூசியது.

தோட்டா என்பது கூடு, மருந்து, மருந்தைப் பற்றவைக்கும் வெடிமூடி, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். பாய்வது குண்டு மட்டுமே. 'காந்தியின் உடலில் மூன்று தோட்டாக்கள் பாய்ந்தன' என்று எழுதியிருந்ததையும் 'மூன்று குண்டுகள்' என்று மாற்றியிருக்கிறேன்.