நரகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு

அன்புள்ள சார்,

புனித பவுலைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் 'மூன்றாம் வானம்' என்று ஒரு வரி வந்தது. எங்கள் பாட்டி ஏழாம் வானம் என்றுதான் சொல்வார். எது சரி? இன்னொரு சந்தேகம். செத்தவுடன் கடவுள் தரும் தீர்ப்பு தனித்தீர்வை, உலகம் முடியும்போது எல்லோருக்கும் தருவது பொதுத்தீர்வை என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோம். ஒருமுறை தீர்ப்பு சொன்ன பிறகு மறுபடியும் எதற்கு? ஆதிக் கிறிஸ்தவர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

வானம் எத்தனை என்பதில் ஆதிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. விவிலியத்தில் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் பவுல், 14 வருடங்களுக்கு முன் ஒருவன் மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்டான் என்கிறார். யாரையோ சொல்வதுபோலத் தன்னைத்தான் சொல்கிறார். உடலோடு போனானா, உடலை விட்டுப் போனானா, தெரியாது. அங்கே கேட்டதை மனிதர் வாயால் சொல்லக்கூடாது. அவ்வளவுதான், நிறுத்திவிட்டார்.

பாட்டியின் ஏழு வானங்கள் 'ஏசாயாவின் விண்ணேற்றம்' என்ற பழைய நூலில் இருக்கின்றன. முழுப் பிரதி எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில்தான் மிஞ்சியது. அதில் கிறிஸ்து மேலிருந்து இறங்கி வருகிறார். ஐந்தாம் வானம் தொடங்கி, அந்தந்த வானத்துத் தூதர்களைப் போலவே உருமாறிக்கொள்கிறார். கீழ் வானங்களில் வாசல்காவலர்களிடம் அடையாளச் சொல்லைச் சொன்னால்தான் வழி. கடைசியாகப் பூமிக்குச் சற்று மேலே, காற்றுவெளிக்கு வருகிறார். அங்கே சொல்லும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இருப்பவர்கள் ஒருவரையொருவர் கொள்ளையடிப்பதில் அத்தனை மும்முரம்! இதை எழுதியவருக்கு அரசாங்க அலுவலகங்களில் நல்ல பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

சரி, தீர்வைக்கு வருவோம். பவுல் சொல்லாமல் விட்டதை யாரோ ஒருவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நான்காம் நூற்றாண்டின் முடிவையொட்டி 'பவுலின் காட்சி' என்று ஒரு நூல் வருகிறது. தார்சு நகரில் பவுல் இருந்த வீட்டின் அஸ்திவாரத்தில், பளிங்குப் பெட்டிக்குள் கிடைத்ததாக முன்னுரை சொல்கிறது. வீட்டில் குடியிருந்தவரை ஒரு தூதர் சாட்டையால் அடித்துத் தோண்டவைத்தாராம். ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோசொமன் தார்சைச் சேர்ந்த ஒரு வயதான குருவிடம் விசாரித்திருக்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுவிட்டார் அவர்.

உங்கள் கேள்விக்கு இந்த நூலில் பதில் இருக்கிறது. உயிர் பிரிந்ததும் தூதர்கள் ஆன்மாவைப் பிடித்து நிறுத்தி, விட்டு வந்த உடலைப் பார்த்துவைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உயிர்த்தெழும் நாளில் அதற்குள்தானே திரும்ப வேண்டும்? ஆக, முதல் தீர்ப்பு ஆன்மாவுக்கு மட்டும். அடுத்தது உடலும் ஆன்மாவும் சேர்ந்த முழு மனிதனுக்கு. பிற்கால மறைக்கல்வி இதைத்தான் ஒழுங்குபடுத்திச் சொன்னது.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது நரகப் பகுதி. அங்கே பவுல் முதலில் காண்பவர்களில் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் இரங்காத ஓர் ஆயர் (பிஷப்) இருக்கிறார். திருப்பலியில் வேதம் வாசிக்கும் வாசகர் ஒருவரும் உண்டு. ஊருக்கு வாசித்ததைத் தான் கடைப்பிடிக்காததால் நெருப்புக் கத்தியால் உதடும் நாக்கும் அறுபடுகின்றன. பவுல் அழுகிறார். "கடவுளைவிட உனக்கு இரக்கம் அதிகமோ?" என்று கூட வரும் தூதர் அதட்டுகிறார். கடைசியில் தலைமைத் தூதர் மிக்கேலும் சேர்ந்து அழுது மன்றாட, கிறிஸ்து இறங்கி வந்து நரகத்தில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பகலும் ஓர் இரவும் வேதனையிலிருந்து ஓய்வு தருகிறார். ஞாயிறன்று நீதிபதிகளும் நகரவாசிகளும் ஓய்வெடுக்க வேண்டும் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டது 321-ல். அந்த லீவைப் பார்த்துப் பழகிய ஒருவர்தான் நரகத்துக்கும் கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

பெரும் இறையியலாளரான ஆயர் அகுஸ்தினார் இந்த நூலைக் கேலி செய்தார். சொல்லக்கூடாது என்று பவுலே சொன்னதை இவர்களிடம் யார் சொன்னதாம்? நியாயமான கேள்விதான். அதே அகுஸ்தினார் இன்னோர் இடத்தில், தண்டனை முடிவற்றது என்பதில் உறுதியாக நின்றுகொண்டே, இடையிடையே வேதனை கொஞ்சம் குறைகிறது என்று நினைக்க விரும்புகிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். அவ்வளவு கறாரான மனிதருக்கும் அந்த இடத்தில் கதவை முழுதாகச் சாத்த மனம் வரவில்லை.

திருச்சபை இந்த நூலை விவிலியத்தில் சேர்க்கவில்லை. ஆனாலும் இடைக்கால ஐரோப்பாவில் துறவிகள் விடாமல் பிரதியெடுத்தார்கள், சுருக்கினார்கள், மாற்றினார்கள். அப்புறம் வந்த ஒரு லத்தீன் வடிவத்தில் ஓய்வு சனிக்கிழமை ஒன்பதாம் மணிக்கே, அதாவது நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி வாக்கில், தொடங்கிவிடுகிறது. திங்கள் விடியும்வரை.