ரயிலும் இரண்டு நாய்களும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாப் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைக் கட்டாயம் கேளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு முறை கேட்டுவிட்டேன். இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1966-இல் வந்த ஒன்றை இன்னும் இப்படிக் கொண்டாட அதில் என்ன இருக்கிறது?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டு முறை கேட்டதற்கே நன்றி. மூன்றாவது முறை முழு ஆல்பம் வேண்டாம், 'காட் ஒன்லி நோஸ்' என்ற ஒரு பாட்டை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள், அதிலும் பாடுகிறவரை விட்டுவிட்டு அடியில் போகும் பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். வழக்கமான பாப் பாட்டில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) எதுவோ அதன் ஆதார சுரத்தில்தான் பேஸ் போய் உட்காரும், வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. இங்கே அது பெரும்பாலும் அந்த இடத்துக்கு வராமல் பக்கத்துச் சுரங்களில் நின்றுகொண்டே நகர்கிறது. பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறது என்றே காதுக்கு நிச்சயமாகத் தெரியாது. வரிகளும் அப்படித்தான்: காதல் பாட்டு, ஆனால் எப்போதும் உன்னைக் காதலிப்பேன் என்று சொல்ல முடியாது என்றுதான் ஆரம்பிக்கிறது. வார்த்தையில் இருக்கும் அந்தத் தவிப்பு அடியில் தரை தட்டாத பேஸிலும் இருக்கிறது. எனக்கு இது பிடிபட வருடங்கள் ஆனது, பிடிபட்ட அன்று ராத்திரி அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த ஆல்பத்தைச் செய்தபோது, குழுவுக்கு இசையமைத்த பிரையன் வில்சனுக்கு 23 வயது. 1964 டிசம்பரில் ஹூஸ்டனுக்குப் போகும் விமானத்தில் மனம் உடைந்து அழுதவர், அதன்பின் கச்சேரிப் பயணங்களை விட்டுவிட்டார். 1966 ஜனவரியில் தம்பிகளும் மற்றவர்களும் ஜப்பானில் மேடை ஏறிக்கொண்டிருக்க, இவர் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களில் ஹால் பிளெய்ன், கரோல் கே போன்ற கைதேர்ந்த வாத்தியக்காரர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒவ்வொருவர் வாசிப்பதையும் வாயால் பாடிக் காட்டித் திருத்திக்கொண்டிருந்தார். பாடல் வரிகளுக்குக் கூட வைத்துக்கொண்டது டோனி ஆஷர் என்ற விளம்பர எழுத்தாளரை. குழு ஊர் திரும்பியபோது இசை பெரும்பாலும் தயார், குரல்கள்தான் பாக்கி.

அதுவரை ஸ்டுடியோ என்றால் வாசிப்பதைப் பதிவு செய்யும் இடம். மேடையில் அப்படியே வாசிக்க முடியுமா என்ற கவலையே இல்லாமல் ஒருவர் அதையே தன் வாத்தியமாக வைத்துக்கொண்டு, 36 நிமிட ஆல்பம் முழுவதையும் ஒரே மனநிலையாகக் கட்டியது அன்றைக்குப் பாப் உலகத்துக்குப் புதுசு. இன்று படுக்கையறையில் லேப்டாப்பில் ஒரு பையன் தனியாக அடுக்கடுக்காகப் பாட்டு செய்கிறான் அல்லவா, அவனுக்கு இந்த ஆல்பத்தின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் வேலை செய்யும் முறை இங்கிருந்துதான் அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உங்களுக்கு இது வெறும் இனிமையாகப் படுவதற்கும் அதுதான் காரணம். இதில் முதன்முதலாக ஒலித்த பலவற்றைப் பிறகு வந்த எத்தனையோ பேரிடம் நாம் முன்கூட்டியே கேட்டுவிட்டோம்.

பீட்டில்ஸே இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோவை

உண்மை, ஆனால் அது இரண்டு பக்கமும் போன தபால். 1965 டிசம்பரில் வந்த பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' ஆல்பத்தைக் கேட்டு, இடத்தை நிரப்ப வைத்த பாட்டு ஒன்றுகூட இல்லையே என்று அசந்துபோய்த்தான் பிரையன் தன் ஆல்பத்தை அந்தத் தரத்தில் செய்ய உட்கார்ந்தார். 'பெட் சவுண்ட்ஸ்' வெளிவந்த 1966 மே மாதமே பீச் பாய்ஸ் குழுவைச் சேர்ந்த புரூஸ் ஜான்ஸ்டன் ஒரு பிரதியை லண்டனுக்கு எடுத்துப் போக, ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். அடுத்த வருடம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பம் வந்தது. அதற்கு இதுதான் தூண்டுகோல் என்று மெக்கார்ட்னியும், அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த தாக்கம் 90-களில் நடந்தது. ராபர்ட் ஷ்னைடர் என்ற இளைஞர் டென்வர் நகரில் இருந்த தன் ஸ்டுடியோவுக்கே 'பெட் சவுண்ட்ஸ்' என்று பெயர் வைத்தார், நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற ராக் குழுவின் 1998 ஆல்பம் அங்கேதான் பதிவானது. ஜப்பானில் நாவலாசிரியர் ஹருகி முரகாமி, இந்த ஆல்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஒரு புத்தகத்தை மெனக்கெட்டு ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். நாவல் எழுத வேண்டிய நேரத்தை ஒருவர் இதற்குக் கொடுக்கிறார் என்றால் சும்மாவா!

நான் வாங்கிய இசைத்தட்டில் மோனோ என்று போட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், சேலம்

இல்லவே இல்லை, சரியானதைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து வரும், ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று பிரிந்து வரும். பிரையனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலது காது கேட்காது. ஸ்டீரியோ என்பதை அவரால் நம்மைப் போல அனுபவிக்க முடியவில்லை, அதனால் எல்லா ஒலியையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து கலந்தார். அக்கார்டியன் எங்கே முடிகிறது, ஆர்கன் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் புதிதாக ஒரு வாத்தியம் பிறந்த மாதிரி கேட்பது அந்தக் கலவையால்தான். முழு ஸ்டீரியோ வடிவம் 1997-இல் வந்தது. பழைய டேப்புகளை ஒன்றோடொன்று பொருத்தி மார்க் லினெட் செய்த அருமையான வேலை, அதில் பின்னணிக் குரல்கள் தனித்தனியாகத் துலங்கும். ஆனால் முதலில் மோனோ, அப்புறம் ஸ்டீரியோ. மாற்றிக் கேட்காதீர்கள்.

வந்தபோதே பெரிய வெற்றியா?
– வாசகர், விழுப்புரம்

இங்கிலாந்தில் 2-ஆம் இடம், ஆனால் சொந்த நாட்டில் 10-ஆம் இடத்துக்கு மேலே ஏறவில்லை. கடலும் காரும் பாடிக்கொண்டிருந்த பையன்கள் திடீரென்று சோகம் பாடினால் விற்குமா என்று இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சந்தேகம், இரண்டே மாதத்தில் பழைய ஹிட்டுகளைத் தொகுத்து இன்னொரு ஆல்பத்தை இறக்கிவிட்டார்கள். 'பெட் சவுண்ட்ஸ்' அமெரிக்காவில் விற்பனைக்கான கோல்ட் சான்றிதழ் வாங்கியது 2000-இல். முப்பத்து நான்கு வருடம்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நம்முடைய பாட்டுகளை மட்டுமே கேட்டு வளர்ந்தவள் நான். இதற்குள் நுழைய வழி உண்டா?
– வாசகி, திருவாரூர்

உங்களுக்குத்தான் வழி சுலபம். 80-களின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போவதை ரசித்த காதுதானே உங்களுடையது? அதே காதோடு வாருங்கள். அவரிடமிருந்து இவர், இவரிடமிருந்து அவர் என்று முடிச்சுப் போட வேண்டியதில்லை, கேட்கும் பழக்கம் ஒன்று என்பதே போதும்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் நாய் குரைக்கிறதே, எதற்கு?
– வாசகர், தூத்துக்குடி

அந்தப் பாட்டு 'கரோலைன், நோ'. ஒரு காலித் தண்ணீர் கேனைத் தட்டும் சத்தத்தோடு தொடங்கும், தட்டுவது ஹால் பிளெய்ன். நீளமாகக் கூந்தல் வைத்திருந்த பெண் மாறிப்போய்விட்டாளே என்று ஏங்கும் பாட்டு. பிரையன் மட்டுமே பாடுகிறார். புல்லாங்குழல் மங்கி மறைந்ததும் ஒரு ரயில் தடதடவென்று கடந்து போகிறது, அதைப் பார்த்து இரண்டு நாய்கள் குரைக்கின்றன. ரயில் ஒரு ஒலிக்குறிப்பு இசைத்தட்டிலிருந்து எடுத்தது, நாய்கள் பிரையன் வீட்டு பனானாவும் லூயியும், குரைப்பதற்காகவே ஸ்டுடியோவுக்குக் கூட்டிவரப்பட்டவை. ஸ்டுடியோவுக்குள் ஒரு குதிரையைக் கொண்டுவரலாமா என்று அவர் அப்போது கேட்பது பதிவு நாடாவில் இருக்கிறது. விளையாட்டாகத் தோன்றலாம், ஆனால் வால்யூமைக் குறைக்காமல் கடைசிவரை கேளுங்கள். ரயில் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கும், அது போன பிறகும் அந்த இரண்டும் குரைத்துக்கொண்டிருக்கும்.