சிமெண்ட் வேண்டாம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் கெல்ம்ஸ்காட் மேனர் என்ற பழைய வீட்டைப் பார்த்தேன். கூரையின் கல் ஓடுகள் கீழே பெரிதாகவும் மேலே போகப்போகச் சிறிதாகவும் இருந்தன. அழகுக்காகவா? வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மாரிஸ் அங்கிருந்த நாட்களைப் பற்றியும் எழுதுங்கள். நாங்கள் வாங்கியிருப்பதும் அருகே ஒரு பழைய சுண்ணக்கல் வீடு. சுவரில் கல்லிடுக்குக் காரை உதிர்கிறது. உறுதியாக இருக்கட்டுமென்று சிமெண்ட் பூசச் சொல்லியிருக்கிறோம்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

மாரிஸ் அந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்தது 1871ல். பழைய கட்டிடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியது 1877ல். மிச்சத்தை நூலகத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

ஓட்டில் அழகு பிறகு வந்தது. கல் பிளந்தால் எல்லா அளவிலும்தான் வரும், எதையும் வீணாக்க மனமில்லை. கனத்த பெரிய ஓடுகளைச் சுவர் தாங்கும் இறவாணத்தில் வைத்தார்கள். கூரைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து சேரும், ஆகவே இடுக்கு குறைவாக இருப்பது நல்லது. முகட்டருகே சின்னத் துண்டுகள் போதும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துளை, அதில் ஓர் ஓக் மர முளை. ஓடு அந்த முளையால் ரீப்பரில் தொங்குகிறது.

அது கிடக்கட்டும். முதலில் கொத்தனாருக்கு போன் செய்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

அதே ஆக்ஸ்போர்ட்ஷயரில் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்று ஓர் ஊர். அங்கே முன்பெல்லாம் ஓட்டுக்கல்லைக் குளிர்காலத்தில் தோண்டி, காயவிடாமல் தண்ணீர் ஊற்றி வெட்டவெளியில் பரப்பிவைப்பார்கள். இரவில் உள்ளிருக்கும் ஈரம் உறைந்து விரிய, கல் ஏடு ஏடாகப் பிரியும். ஒருமுறை காய்ந்துவிட்டால் பிரியாது. ஈரத்தை உள்ளே வைத்துப் பனியில் விடுவதுதான் சூட்சுமம். காசு கொடுத்து உங்கள் சுவருக்கும் நீங்கள் அதைத்தான் செய்யப்போகிறீர்கள்!

இத்தகைய சுவர் ஒன்றரை, இரண்டடி கனம். இருபுறமும் முகக்கல், நடுவே சல்லியும் மண்ணும். மழை கொஞ்சம் உள்ளே போகும், சுண்ணாம்புக் காரை வழியாக ஆவியாகி வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். சுவர் அசையும்போது சிமெண்டில் மயிரிழை விரிசல் விடும், மழை அதன் வழியாக நுழையும், திரும்பிப் போக வழி கல் மட்டும்தான். உப்பும் பனியும் கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். சில வருடங்களில் கல் உள்வாங்கி, சிமெண்ட் மட்டும் விலா எலும்புபோலத் துருத்தி நிற்கும். அந்த வட்டாரத்தில் நடந்து பாருங்கள், கண்ணில் படும். உதிர்ந்த காரையை மாற்றிவிடலாம், கல்லை என்ன செய்வீர்கள்? கல்லைவிட மென்மையான சாந்துதான் வேண்டும்.

அரசின் பாரம்பரியப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டிடமா என்று உள்ளாட்சியில் கேளுங்கள், அனுமதி தேவைப்படலாம். பழைய காரையைக் கையால் சுரண்டுங்கள். கிரைண்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம் இடுக்கின் அகலத்தைப்போல இருமடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர். நன்றாக நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கரட்டு மணல் கலந்து அழுத்தித் திணிக்கவேண்டும். சற்று இறுகியதும் முரட்டுப் பிரஷ்ஷால் தட்டி, ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் காயாமல் பாருங்கள். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே கொஞ்சம் பூசியிருந்தால் இறுகுமுன் வழித்துவிடுங்கள். இறுகிவிட்டதென்றால் சிற்றுளியால் மெதுவாக. கல்லும் சேர்ந்து பெயர்கிறது என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.