மாத்திரைக் கேமராவும் மெல்லிய குழாயும்: கேள்வி பதில்

டாக்டர், எனக்குப் பல மாதமாக மேல்வயிற்று வலி. வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள். குழாய் என்றாலே பயம். மாத்திரை மாதிரி விழுங்கும் கேமரா போதுமா?

உங்களுக்குப் போதாது. கேப்சூல் எனப்படும் அந்த மாத்திரைக் கேமரா சுமார் 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம், 4 கிராமுக்குள் எடை. விழுங்குவது எளிதுதான். ஆனால் இரைப்பை அகலமான பை. அதற்குள் சாதாரண கேப்சூல் தன்போக்கில் உருளும், எந்த மூலையைப் பார்க்காமல் விட்டது என்று தெரியாது. மடிப்புகளைக் காற்றடித்து விரிக்கவோ, நுரையைக் கழுவவோ, பயாப்ஸி (சோதனைக்கான சதைத் துணுக்கு) எடுக்கவோ அதனால் முடியாது. வெளியிலிருந்து காந்தத்தால் திருப்பும் கேப்சூல்கள் வந்திருக்கின்றன. அவை இரைப்பையை நன்றாகவே காட்டும், ஆனால் அவற்றாலும் பயாப்ஸி எடுக்க முடியாது. குழாய்ப் பயத்துக்கு வேறு வழி உண்டு, நான்காவது கேள்வியைப் பாருங்கள்.

அப்படியென்றால் கேப்சூல் எதற்குத்தான் பயன்படுகிறது?

சிறுகுடலுக்கு! வாய்வழிக் குழாய் சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, கீழிருந்து போய் சிறுகுடலின் கடைசிப் பகுதியை மட்டும் எட்டும். இடையில் பல மீட்டர் நீளக் குடல் வெகுகாலம் கண்ணுக்கு எட்டாமலே இருந்தது. ஏவுகணைகளுக்கான ஒளியியல் கருவிகளில் வேலை பார்த்த இஸ்ரேலியப் பொறியாளர் கேவ்ரியல் இத்தான் இதற்கு வழி கண்டார். கேப்சூல் பற்றிய கட்டுரை 2000-இல் ஆய்விதழில் வெளியானது, 2001-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

இரத்தசோகை இருக்கிறது, மேல்வழியாகவும் கீழ்வழியாகவும் ஸ்கோப் விட்டுப் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை. இப்படி ஒருவர் வந்தால் நான் முதலில் நினைப்பது கேப்சூலைத்தான். 8 முதல் 12 மணி நேரம் வரை படம் எடுத்து, இடுப்பில் கட்டிய ரெக்கார்டருக்கு அனுப்பிக்கொண்டே போகும். அப்புறம் ஆயிரக்கணக்கான படங்களை ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும். கசியும் இரத்தக்குழாய் ஏதாவது தெரிந்தால், அதை அடைக்க பலூன் வைத்த நீளமான எண்டோஸ்கோப் தேவைப்படும். கேப்சூல் இடத்தைக் காட்டிக் கொடுக்கும், சிகிச்சை செய்யாது.

உள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

பெரும்பாலும் ஓரிரு நாளில் மலத்தோடு போய்விடும். மாட்டுவது குடல் சுருங்கிய இடத்தில்தான். க்ரோன்ஸ் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி), நீண்டகாலம் சாப்பிட்ட வலி மாத்திரை, வயிற்றுக்குக் கொடுத்த கதிர்வீச்சு, பழைய குடல் அறுவை சிகிச்சை: இவற்றில் ஒன்று இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போது கேமரா இல்லாத, தானே கரையும் சோதனை கேப்சூலை முதலில் கொடுத்து வழி இருக்கிறதா என்று பார்ப்போம். நிஜ கேப்சூல் மாட்டினாலும் பலருக்கு வலியே இருக்காது. அதனால்தான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: வெளியே வந்தது உறுதியாகும்வரை எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு எக்ஸ்ரே போதும். வெளியே வராவிட்டால் பலூன் ஸ்கோப் வழியாக எடுக்கலாம், சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

மூக்கு வழியாகவும் எண்டோஸ்கோப்பி செய்கிறார்களாமே, வலிக்காதா?

மூக்கை மரத்துப்போகச் செய்த பிறகு, ஓர் அழுத்தம்தான் தெரியும். வழக்கமான குழாய் 9 முதல் 10 மி.மீ. தடிமன். இது 5 முதல் 6 மி.மீ. தான். நாக்கின் அடியைத் தொடாமல் போவதால் குமட்டல் குறைவு. மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டாம், நடுவில் நீங்கள் பேசலாம். முக்கியமாக, பயாப்ஸி எடுக்கலாம், துணுக்கு சற்றுச் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். வாய்வழிக்குப் பயந்து சோதனையையே தள்ளிப்போடுபவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். சிலருக்கு மூக்கில் இரத்தம் கசியும், ஆகவே இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மறக்காமல் சொல்லுங்கள். மூக்குப் பாதை குறுகலாக இருந்தால் இதே மெல்லிய குழாயை வாய்வழியாகவும் விடலாம்.

கொலோனோஸ்கோப்பிக்குப் பதிலாகக் கேப்சூல்?

இருபுறமும் கேமரா வைத்தது உண்டு. ஆனால் குடலைச் சுத்தம் செய்யும் மருந்தை இதற்கு இன்னும் அதிகமாகக் குடிக்க வேண்டும். பாலிப் (குடல் சுவரில் வளரும் சிறு சதை) தெரிந்தால் எப்படியும் கொலோனோஸ்கோப்பிதான். அதை முழுதாகச் செய்ய முடியாமல் போனவர்களுக்கு இது நல்ல மாற்று.

இரண்டு நாளாக மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது, எழுந்தால் தலைசுற்றுகிறது. கேப்சூல் செய்யலாமா?

இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் தலைசுற்றலும் சேர்ந்தால் உள்ளே இரத்தப்போக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் தேவை இரத்தத்தை நிறுத்தக் கருவி நுழைக்க வசதியுள்ள பெரிய எண்டோஸ்கோப். சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.